எடையக்கா போட்ட ஓட்டு

போல்ட் கிடங்கில் வேலை பார்ப்பவர்களிடம் எதையும் விரல் விட்டு எண்ணச் சொல்லக்கூடாது. மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். ஒரு பெட்டியில் நாலாயிரம் போல்ட் இருந்தால் அதைக் கையால் எண்ணிக்கொண்டிருப்பவனுக்குப் பைத்தியம் என்பது அவர்கள் கட்சி. பத்தை எடுத்துத் தராசில் வைத்து ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், ஒன்றின் எடை என்ன என்று தராசு தெரிந்துகொள்ளும். அப்புறம் மூட்டையையே தூக்கி வைத்தாலும் இத்தனை என்று எண்ணிக்கையைக் காட்டிவிடும். அந்தத் தராசுக்கு முன்னால் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவள்தான் எடையக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்.

வருஷத்துக்கு ஒருமுறை, கிடங்கில் என்னென்ன சரக்கு இருக்கிறது என்று மூன்று நாள் சரிபார்ப்பார்கள். முதுகு ஒடிகிற வேலை. அது முடிந்த கையோடு வருகிற சனிக்கிழமை பன்னிரண்டு பேரும் ரயில் ஏறி ஏதாவது ஓர் ஊருக்குப் போவார்கள். அங்கே பகல் முழுக்க ஒரு பப்பிலிருந்து இன்னொரு பப்புக்கு நடந்து, ஆளுக்கு அரை கிளாஸ் பீர் குடித்து, மேலாளரைக் கிண்டல் செய்து, மேலாளரும் உடன் சேர்ந்து சிரித்து, சாயங்கால ரயிலில் திரும்பிவிடுவார்கள். குடிப்பழக்கமே இல்லாத மாமாவும் தவறாமல் வருவார். அவர் பொட்டலம் கட்டுகிற பிரிவில் மூத்தவர். யாருக்கும் சொந்த மாமா இல்லை, எல்லோருக்கும் மாமா.

எந்த ஊர் என்பதில்தான் வருஷா வருஷம் ரகளை. முதலில் கை தூக்கிப் பார்த்தார்கள். சரக்கு அடுக்குகிற நெட்டை, ஏணி இல்லாமலே மேல்தட்டைத் தொடுகிற ஆள், இரண்டு கையையும் தூக்கிவிட்டு 'கொட்டாவி வந்துச்சு' என்று சாதித்தான். அடுத்த வருஷம் சீட்டு எழுதிப் போட்டார்கள். ரசீது போடுகிற பெண்ணுக்கு எல்லோருடைய கையெழுத்தும் அத்துப்படி. யார் எந்த ஊருக்குப் போட்டார்கள் என்பது அன்று சாயங்காலத்துக்குள் சந்தி சிரித்தது. கடைசியில் மேலாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஊருக்கு ஒரு டின். மூடியில் ஒரு ஓட்டை. ஆளுக்கு எட்டு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு போல்ட், இருபத்தைந்து மில்லிமீட்டர் நீளத்தில். கைக்குள் மூடி எடுத்துப் போய், அலமாரிக்குப் பின்னால் நின்று, பிடித்த ஊர் டின்னில் போட்டுவிட்டு வரவேண்டும். எல்லோரும் போட்டதும் எடையக்கா டின்களைத் தராசில் வைத்து, காலி டின்னின் எடையைக் கழித்து, எண்ணிக்கையைச் சொல்வாள். டின்னைத் திறக்க மாட்டார்கள். திறந்து கையால் எண்ணுவது அவர்களுக்குக் கேவலம்.

ஆறு வருஷமாக இதே முறை. ஆறு வருஷமும் எடையக்கா கடமைக்கு ஓர் ஓட்டுப் போட்டுவிட்டுப் போய் வேலையைப் பார்த்தவள்தான். எந்த ஊராக இருந்தால் என்ன, எல்லா ஊரிலும் பீர் கசக்கும் என்பாள். இந்த வருஷம் மட்டும் அவளுக்கு ஓர் ஊர் வேண்டியிருந்தது. ஆற்றங்கரை ஊர். வேண்டியிருந்தது என்று சொல்வது போதாது. ராத்திரித் தூக்கம் கெடும் அளவுக்கு வேண்டியிருந்தது.

அங்கேதான் அவள் அண்ணன் இருந்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்கு அவன், அவனுக்கு அவள், அவ்வளவுதான் பிறந்த வீடு. பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் வந்து நின்று, வேலையை விட்டாயிற்று, ஆற்றங்கரை ஊரில் பாலத்துக்குப் பக்கத்தில் பப் நடத்தப் போகிறேன் என்றான். தங்கையிடம் ஒரு வார்த்தை முன்னால் கேட்கவில்லை. எடையக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெந்நீர் வெக்கத் தெரியாது உனக்கு, நீ பப் நடத்தப் போறியா? மூணு மாசம். மூணே மாசத்துல பூட்டிட்டு வந்து நிப்ப. அந்தக் கடைப் படியை நான் மிதிக்க மாட்டேன், எழுதி வெச்சுக்கோ."

"சரி. நீ வந்து என் கடைல உக்கார்ற வரைக்கும் நானும் உன் வீட்டு வாசலுக்கு வரமாட்டேன்" என்றான் அவனும். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், வீம்பில் மட்டும் குறை வருமா?

மூன்று மாதம் போயிற்று. கடையைப் பூட்டவில்லை. மூன்று வருஷம் போயிற்று. பச்சைக் கதவும் வாசலில் நாலு நாற்காலியுமாகக் கடை நன்றாகவே நடக்கிறது என்று சித்தி மகள் ஒரு படம் எடுத்து அனுப்பினாள். படத்தில் அண்ணனுக்கு முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. தன் வாக்கு பலிக்காமல் போனதில் எடையக்காவைப்போல் சந்தோஷப்பட்டவர்கள் யாரும் இருக்க முடியாது. அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தாள் என்பதற்கு அவள் புருஷன் சாட்சி. ஆனால் போய் நின்று அதைச் சொல்ல வாய் வரவில்லை.

புருஷன் தையல்காரர். வீட்டின் முன்னறையில்தான் இயந்திரம். வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே புத்தி சொல்லக்கூடியவர்.

"ஒன்றரை மணி நேரப் பயணம். நேராப் போய் இறங்கி, 'அண்ணா, நான் வந்துட்டேன்'னு சொன்னா முடிஞ்சுபோச்சு."

"நானாப் போய் நின்னா சிரிப்பான்."

"சிரிக்கட்டுமே. சிரிச்சா உனக்கு என்ன தேய்ஞ்சா போயிடும்?"

"அவன் சிரிப்பு உங்களுக்குத் தெரியாது."

ஆகவே எடையக்கா ஒரு திட்டம் போட்டாள். தானாகப் போனால்தானே மானம் போகும்? ஓட்டெடுப்பில் அந்த ஊர் வந்து, பதினோரு பேர் போகும்போது பன்னிரண்டாவது ஆளாக உள்ளே நுழைந்தால் யார் என்ன சொல்ல முடியும்? 'எல்லாருமாச் சேர்ந்து முடிவு பண்ணிட்டாங்க, நான் என்ன பண்ண?' என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே போய் உட்கார்ந்துவிடலாம். இந்த ஒரு வாக்கியத்தை அவள் ஒரு மாதமாகச் சொல்லிப் பழகினாள். குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்தாள்.

ஊரைத் தானே முன்மொழிந்தால் சந்தேகம் வரும். ரசீதுப் பெண்ணுக்குப் படகு என்றால் உயிர். அவள் காதில் படுகிற மாதிரி, ஆற்றில் படகு, படகில் விளக்கு, பாலத்தின் மேல் நின்றால் காற்று என்று இரண்டு வாரம் எடையக்கா யாரிடமாவது பேசிக்கொண்டே இருந்தாள். அவளே அந்தப் படகைப் பார்த்ததில்லை. மேலாளர் பலகையில் ஊர்களை எழுத வந்தபோது, "சார், ஆத்தங்கரை ஊரையும் எழுதுங்க, அங்க படகு இருக்கு" என்று ரசீதுப் பெண் குதித்தாள். எடையக்கா தலையைக் குனிந்துகொண்டு தராசைத் துடைத்தாள்.

மற்ற இரண்டு ஊர்கள் வழக்கமானவை. நெட்டையின் கட்சி துறைமுக ஊர்: ஒரே தெருவில் ஏழு பப், கடல் காற்று, பெரிய பெரிய கப்பல். மாமாவின் கட்சி கோட்டை ஊர். ஆறு வருஷமாகக் கோட்டைக்கு ஒரே ஓர் ஓட்டு விழுகிறது. யார் போட்டது என்று யாரும் கேட்பதில்லை, அவரும் விடுவதாக இல்லை.

புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டெடுப்பு. ஒவ்வொருவராக எழுந்து அலமாரிக்குப் பின்னால் போய் வந்தார்கள். எடையக்காவின் முறை வந்தபோது அவள் பழகி வைத்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டே எழுந்தாள். வேலைக்குப் போடுகிற மேலங்கியின் பையில் கையை விட்டு, போல்ட்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டு போனாள். ஆற்றங்கரை டின்னின் ஓட்டையில் அது விழுந்த ஓசை அவளுக்கு இனிமையாக இருந்தது.

பிறகு டின்களை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தாள்.

"கோட்டை, ஒண்ணு."

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா மேல்தட்டைப் பார்த்தார்.

"துறைமுகம், அஞ்சு."

நெட்டை மேசையைத் தட்டினான். எடையக்கா மூன்றாவது டின்னை வைத்தாள். தராசின் எண் ஒரு கணம் ஆடி நின்றது.

"ஆத்தங்கரை... ஆறு."

ரசீதுப் பெண் கத்தியதில் மாமாவின் தொப்பி விழுந்துவிட்டது. "ஒண்ணு, அஞ்சு, ஆறு. மொத்தம் பன்னிரண்டு. சரியா இருக்கு" என்று மேலாளர் பலகையில் ஆற்றங்கரை ஊரைச் சுற்றி வட்டம் போட்டார். நாளை மத்தியானம் டிக்கெட் எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். எடையக்காவின் முகம் அப்படி மலர்ந்ததை அந்தக் கிடங்கில் யாரும் பார்த்ததில்லை. "என்ன எடையக்கா, உங்களுக்கும் படகு ஆசையா?" என்று நெட்டை சீண்டினான். "எனக்கு என்ன தம்பி, எல்லாருமாச் சேர்ந்து முடிவு பண்ணிட்டாங்க, நான் என்ன பண்ண?" என்றாள். பழகின வாக்கியம் வழுக்கிக்கொண்டு வந்தது.

எல்லோரும் வேலைக்குப் போன பிறகு, ஓட்டுப் போட்ட போல்ட்டுகளை அதனதன் பெட்டியில் கொட்டி வைக்க வேண்டிய வேலை பாக்கி இருந்தது. கோட்டை டின்னைக் கொட்டினாள். துறைமுக டின்னைக் கொட்டினாள். ஆற்றங்கரை டின்னை உள்ளங்கையில் கவிழ்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஐந்துதான் இருந்தது. நாலு குட்டை, ஒன்று நீளம். எட்டு மில்லிமீட்டர்தான், ஆனால் அறுபது மில்லிமீட்டர் நீளம். எடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தராசு அரைகுறையெல்லாம் சொல்லாது, பக்கத்திலிருக்கும் முழு எண்ணைச் சொல்லிவிடும். ஐந்தை ஆறு என்று சொல்லிவிட்டது.

எந்த அறிவுகெட்ட ஜென்மம் நீளம்கூடப் பார்க்காமல் ஓட்டுப் போட்டது என்று அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் சரியாக நாலு நொடி நீடித்தது. காலையில் ஒரு வாடிக்கையாளருக்கு மாதிரி காட்ட அறுபது நீளத்தில் ஒன்றைத் தன் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. பைக்குள் கையை விட்டாள். ஓட்டுப் போட எடுத்து வைத்த குட்டை போல்ட் சமர்த்தாக அங்கேயே கிடந்தது.

பதினெட்டு வருஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டே அளவு சொல்கிற கை, இன்றைக்குப் பார்த்து இப்படிப் பண்ணியிருக்கிறது. சரி, அப்படியானால் மொத்தம் பதினொன்றுதானே வருகிறது, பன்னிரண்டு பேர் ஆயிற்றே? சுற்றிப் பார்த்தாள். அப்போதுதான் உறைத்தது. வேன்காரர் காலையிலேயே சரக்கு ஏற்றிக்கொண்டு போனவர் இன்னும் திரும்பவில்லை. அவர் ஓட்டே போடவில்லை. அவர் விட்ட இடத்தை எடையக்காவின் நீள போல்ட் அடைத்துக்கொண்டுவிட்டது. ஆக, உண்மையில் ஐந்துக்கு ஐந்து. வேன்காரர் வந்து எங்கே போடுவார் என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. வாரம் இரண்டு தடவை ஆற்றங்கரை ஊருக்குச் சரக்குக் கொண்டுபோகிற ஆள். அந்த ஊர் ஒருவழிப் பாதையில் சுற்றிச் சுற்றியே என் ஆயுசில் பாதி போச்சு என்று சொல்லாத நாள் கிடையாது.

ஐந்து போல்ட்டும் கைக்குள் சூடாகும் வரைக்கும் எடையக்கா நின்றாள். பிறகு நாலைப் பெட்டியில் போட்டாள். ஐந்தாவதை அதன் பெட்டியில் போட்டாள். யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் பாத்திரம் கழுவும்போது மூன்று தடவை கை நழுவிற்று. மூன்றாவது தடவை புருஷன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீ சொல்லலைன்னா யாருக்குத் தெரியும்?" என்றார் அவர்.

"யாருக்கும் தெரியாது."

"அப்புறம் என்ன? ஆறு வருஷமா அண்ணன், அண்ணன்னு உருகறே. போயிட்டு வந்துடு. அப்புறமா வேணா சொல்லிக்கோ."

நல்ல மனுஷன் ஆசைகாட்டுவது சில சமயம் கெட்டவன் ஆசைகாட்டுவதைவிட மோசம். எடையக்கா ஒரு தட்டை நாலு தடவை துடைத்தாள்.

"பதினெட்டு வருஷத்துல ஒரு போல்ட் கூடக் குறைச்சு அனுப்புனதில்லங்க நான். என் அண்ணன்கிட்டப் போறதுக்கா கள்ளக் கணக்கு? அங்க போய் அவன் மூஞ்சியை நிமிர்ந்து பாக்கவே முடியாதே."

"சரி, அப்ப சொல்லிடு" என்றார் அவர். "ஊர் போனாப் போகுது. அடுத்த வருஷம் இருக்கு."

அடுத்த வருஷம் என்ற சொல்லைக் கேட்டதும்தான் அவளுக்குக் கண்ணீர் வந்தது. அண்ணனுக்கு ஐம்பத்தைந்து. படத்திலேயே இளைத்துத் தெரிந்தான்.

மறுநாள் காலைத் தேநீர் நேரத்தில் எடையக்கா எழுந்து நின்றாள். அவள் எழுந்து நின்று பேசி யாரும் பார்த்ததில்லை என்பதால் எல்லோரும் வாயில் வைத்த கிளாஸைக் கீழே வைத்தார்கள். ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். நீள போல்ட்டைப் போட்டது நான்தான், ஆற்றங்கரைக்கு விழுந்தது ஐந்துதான், வேன்காரர் இன்னும் போடவில்லை.

முதலில் ஒருவருக்கும் புரியவில்லை. புரிந்ததும் நெட்டை சிரிக்க ஆரம்பித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "எடையக்காவுக்கே இருபத்தஞ்சுக்கும் அறுபதுக்கும் வித்தியாசம் தெரியலியா! நாளைக்கு நான் ஏணி போட்டு ஏறப்போறேன்!" மாமாகூடச் சிரித்தார். மேலாளர் மட்டும் பலகையிலிருந்த வட்டத்தை வருத்தத்தோடு அழித்தார். ரசீதுப் பெண் படகு போன சோகத்தில் உட்கார்ந்துவிட்டாள். நெட்டையோ, துறைமுகத்தில் காற்று பலமாக இருக்கும், எல்லோரும் கம்பளிச் சட்டை கொண்டுவாருங்கள் என்று உத்தரவே போட்டான்.

பதினோரு மணிக்கு வேன்காரர் அன்றைய முதல் சுற்றை முடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கிடங்குக்கு வந்து நாலு வருஷம் ஆகிற, வாய் ஓயாத ஆள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கொடுத்த போல்ட்டை வாங்கிக்கொண்டு, ரகசிய ஓட்டு என்பதையே மறந்து நேராகத் துறைமுக டின் பக்கம் நடந்தார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அந்த ஒருவழிப் பாதை ஊருக்கு லீவு நாள்லயும் நான் போகணுமா?"

"ஒரு நிமிஷம், தம்பி" என்றாள் எடையக்கா.

அவள் அதைச் சொல்வதாக இல்லை. வாய்தான் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு பின்வாங்க முடியவில்லை. பதினோரு முகமும் அவள் பக்கம் திரும்பிவிட்டன.

"எனக்கு அந்த ஊருக்குப் போகணும். படகு, காத்து, பாலம்னு நான் சொன்னதெல்லாம் சும்மா. அங்க என் அண்ணன் பப் வெச்சிருக்கான். ஆறு வருஷமாப் பேச்சு இல்ல. உன் படியை மிதிக்க மாட்டேன்னு நான்தான் சொன்னேன். தனியாப் போக வெக்கமா இருக்கு. உங்க கூட்டத்துல ஒளிஞ்சுக்கிட்டுப் போயிடலாம்னு பாத்தேன். அவ்வளவுதான். நீ உனக்குப் பிடிச்ச எடத்துல போடு."

வேன்காரர் போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

"பாலத்துக்குப் பக்கத்துலயா, அக்கா? பச்சைக் கதவா?"

"ஆமா."

"அய்யோ! முன்தலை வழுக்கை, எந்நேரமும் தோள்ல துண்டு?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

வேன்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியாதா! வேனை அங்கதான் நிறுத்துவேன். வண்டியில நம்ம கிடங்கு பேரைப் பாத்துட்டு, போறப்ப எல்லாம் ஓடி வருவாரு. 'உங்க எடை மேசைல யாரு இருக்காங்க? அதே அம்மாதானா? உடம்பு நல்லா இருக்காங்களா? லீவு கீவு போடலியே?'ன்னு கேப்பாரு. நாலு வருஷமா இதே கேள்விக்கா. சரி, யாரோ வாடிக்கைக்காரன், எப்பவோ எடை குறைஞ்சுபோன கோபத்துல உங்க மேல புகார் குடுக்க விசாரிக்கிறான்னு நெனச்சேன். உங்க வேலைக்கு வேட்டு வெச்சுடப் போறான்னுதான் உங்ககிட்டயும் சொல்லல, மேலாளர்கிட்டயும் சொல்லல. 'அந்தம்மா தங்கமானவங்க, ஒரு போல்ட் குறையாது'ன்னு அடிச்சுச் சொல்லிட்டு வருவேன். அவரும் 'அப்படியா, அப்படியா'ன்னு பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாரு. இது என்னடா புகார் குடுக்க வந்தவன் சிரிக்கிறானேன்னு எனக்கு ஒரே குழப்பம்."

எடையக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். நாலு வருஷம், வாரத்துக்கு இரண்டு தடவை. அவள் இங்கே உட்கார்ந்து ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவன் அங்கே ஒரு வேனுக்காகத் தெருவில் காத்துக்கொண்டிருந்திருக்கிறான். அவளுக்கு அண்ணன்மேல் கோபம் வந்தது, தன்மேல் அதைவிட அதிகம் வந்தது, இரண்டுக்கும் மேலாகச் சந்தோஷம் வந்தது.

வேன்காரர் திரும்பி நடந்து ஆற்றங்கரை டின்னில் போல்ட்டைப் போட்டார். "ரயில்லதானே போறோம். ஒருவழிப் பாதை ரயிலுக்கு இல்லல்ல?" என்றார்.

"நிறுங்க எடையக்கா" என்றார் மேலாளர்.

"நான் மாட்டேன் சார். இன்னிக்கு என் கையை நம்பாதீங்க."

நெட்டை வந்தான். நேற்றுப் போட்ட ஓட்டுகளுக்குப் பதிலாக அவனவன் போல்ட்டை மறுபடி அவனவனே போடட்டும் என்றான். போட்டார்கள். பிறகு அவன் மூடியைத் திறந்து, ஆற்றங்கரை டின்னைக் கவிழ்த்து, அந்தக் கிடங்கின் சரித்திரத்தில் முதல் தடவையாக விரலால் தள்ளித் தள்ளி எண்ணினான். பதினொன்று. துறைமுக டின்னில் ஒன்றுகூட இல்லை. கோட்டை டின்னில் ஒன்று இருந்தது.

"மாமா!" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"எடையம்மாவுக்கு என் ஆசீர்வாதம் எப்பவும் உண்டு" என்றார் மாமா. "ஓட்டு வேற விஷயம்."

சனிக்கிழமை காலை ரயிலில் போய் இறங்கினார்கள். ஊரில் உண்மையாகவே படகு இருந்தது. ரசீதுப் பெண்ணைவிட எடையக்காதான் அதிகம் ஆச்சரியப்பட்டாள். முதல் பப்பில் மேலாளர் பாட்டுப் பாடினார். இரண்டாவது பப்பில் நெட்டையின் தலை உத்தரத்தில் இடித்தது. மூன்றாவதில் மாமாவுக்குச் சோடா தீர்ந்துபோய்விட்டது என்றார்கள், அவர் கோட்டை ஊரில் இப்படி நடக்காது என்றார். எடையக்கா எங்கேயும் அரை கிளாஸில் பாதியைக்கூடக் குடிக்கவில்லை. மேலங்கிப் பை இல்லாமல் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தாள்.

நாலாவது, பச்சைக் கதவு. ஒவ்வொருவராகப் படியேறி உள்ளே போனார்கள். வேன்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீ போ தம்பி, நான் வரேன்" என்றாள். அவர் போனார். அவள் நடைபாதையில் நின்றாள். ஒரே ஒரு படிதான். அரையடி உயரம் இருக்கும்.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு கதவு திறந்தது. தோளில் துண்டோடு அண்ணன் வந்து நின்றான். படத்தில் தெரிந்த அளவுக்கு இளைக்கவில்லை. வழுக்கை மட்டும் இன்னும் கொஞ்சம் பின்னால் போயிருந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"உங்க கிடங்குல ஓட்டுப் போட்டாங்களாமே. இந்த ஊர்தான் வந்துச்சாம். உயரமா ஒருத்தர் சொன்னாரு."

நெட்டை அவளுக்காகச் சொன்ன பாதி உண்மை அது. ஒரு மாதமாகப் பழகிய வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அண்ணனே வழியும் விட்டுக் கொடுத்துவிட்டான். எல்லாருமாச் சேர்ந்து முடிவு பண்ணிட்டாங்க, நான் என்ன பண்ண? சொன்னால் போதும், இருவர் மானமும் பிழைக்கும்.

"ஓட்டு கிடக்கட்டும்ணா" என்றாள் எடையக்கா. "எனக்கு உன்னைப் பாக்கணும்போல இருந்துச்சு. அதான் இந்த ஊருக்குப் போலாம்னு எல்லார்கிட்டயும் கேட்டேன்."

அவள் எதிர்பார்த்த அந்தச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கிற்று. அவள் படியை மிதித்தாள், ஏறினாள், அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். பதினோரு பேரும் ஜன்னலிலிருந்து அவசரமாக விலகி, தங்கள் கிளாஸ்களைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார்கள்.

அண்ணன் அவளுக்குத் தானே கிளாஸ் எடுத்து வைத்தான். அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"கறை இருக்கு."

"எங்க இருக்கு?"

"இதோ. ஆறு வருஷமா இப்படித்தான் கழுவறியா?"

அண்ணன் கிளாஸைப் பிடுங்கிக்கொண்டு போய் மறுபடி கழுவினான். தண்ணீர் கொட்டுகிற சத்தத்துக்கு நடுவே, திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

"உங்க ரயில் எத்தனை மணிக்கு?"

"எதுக்குக் கேக்கறே? வந்து அரை மணி நேரம் ஆகல, அதுக்குள்ள அனுப்பப் பாக்கறியா?"

"நீ வந்துட்ட. இனி நான் உன் வீட்டுக்கு வரலாம்ல? கடையை இங்க வேலை பாக்கற அம்மா பாத்துப்பாங்க. நானும் உங்ககூடவே வரேன்."

"ஆறேகாலுக்கு" என்று சொல்ல வந்தாள் எடையக்கா. சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.